டாஸில் ஓடும் சங்கக் கணக்கைப் புதிய கணினிக்கு மாற்றுவது எப்படி

பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்கள் சிலவற்றில் பல வருடங்களாக டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) திரையில்தான் கணக்கு ஓடுகிறது. தொண்ணூறுகளில் யாரோ ஃபாக்ஸ்ப்ரோ 2.6 என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதிக் கொடுத்த புரோகிராம். எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மாதக் கடைசியில், யார் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்ற பிடித்தப் பட்டியல் தப்பாமல் வந்துவிடும். இப்படி நான்கு சங்கங்களின் கணக்கை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். பழைய புரோகிராமைக் குப்பை என்று நினைத்து வேலையைத் தொடங்கினால் உறுப்பினர் பணத்தில் கை வைத்த மாதிரி ஆகிவிடும். நிர்வாகக் குழு எடுத்த பல முடிவுகள் அந்தப் புரோகிராமுக்குள் மட்டும்தான் உயிரோடு இருக்கும்.

மாற்றாமலும் இருக்க முடியாது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது. அதற்காகவே பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியை விடாமல் வைத்திருப்பார்கள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரலில். அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் எந்தக் காலையிலும் எழுந்திருக்காமல் போகலாம்.

அதனால் முதல் நாள் வேலை பிரதி எடுப்பதுதான். வேறு எதையும் தொடாதீர்கள். கணினியை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே கோப்பாக எடுங்கள். தரவு அட்டவணைகள் இருக்கும் டிபிஎஃப் கோப்புகளை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்தால் போதாது. நீளமான குறிப்புகளை எழுதும் குறிப்புப் புலங்கள் எஃப்பிடி கோப்பில் தனியாக இருக்கும், அதை விட்டுவிட்டால் அந்தக் குறிப்புகள் போய்விடும். பிரதியை இரண்டு வெளி டிஸ்க்குகளில் வையுங்கள், ஒன்று சங்கக் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். பிறகு உங்கள் கணினியில், டாஸ் புரோகிராம்களை ஓட்ட உதவும் டாஸ்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு, பிரதியிலிருந்து பழைய புரோகிராமை ஓட்டிப் பாருங்கள். இனி நீங்கள் தோண்டுவதெல்லாம் இந்தப் பிரதியில்தான். சங்கத்தில் அன்றாட வேலை பழையபடியே நடக்கட்டும்.

அடுத்தது காசாளர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருவது. குறைந்தது ஒரு முழு மாதம், மாதக் கடைசியையும் சேர்த்து. செயலாளர் சொல்லும் விதிமுறையும் கவுன்ட்டரில் நடப்பதும் ஒன்றாக இருக்காது. நான் போன மூன்றாவது சங்கத்தில் வட்டி போடும் பிஆர்ஜி கோப்பை, அதாவது மூல நிரலை, படித்தேன். கடன் எண் 8417-க்கு மேல் இருந்தால் ஒரு வட்டி விகிதம், கீழே இருந்தால் இன்னொன்று என்று நேரடியாக எண்ணையே எழுதி வைத்திருந்தார்கள். ஏன் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. காசாளர் அக்காவிடம் கேட்டேன். "அது 2011-ல போட்ட தீர்மானம் தம்பி. வட்டியைக் குறைச்சாங்க, ஆனா அதுக்கு முன்னாடி வாங்கின கடனுக்குப் பழைய வட்டிதான்னு முடிவாச்சு" என்றார். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினோம், இருந்தது. அந்த ஒரு வரியை நான் படிக்காமல் விட்டிருந்தால் எல்லாக் கடனுக்கும் ஒரே வட்டி போட்டிருப்பேன், யாருக்கும் உடனே தெரிந்திருக்காது.

ஆகவே பிஆர்ஜி கோப்புகள் இருந்தால் ஒவ்வொன்றையும் படியுங்கள். இல்லாமல் கணினிக்காகத் தொகுத்த எஃப்எக்ஸ்பி அல்லது எக்ஸ்இ கோப்பு மட்டும் இருந்தால் ரீஃபாக்ஸ் போன்ற கருவியால் மூல நிரலைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள். வட்டி எந்தத் தேதியின் நிலுவைக்குப் போடப்படுகிறது, பைசாவை எந்த இடத்தில் ரூபாய்க்கு முழுமையாக்குகிறார்கள், தவணை குறைவாக வந்தால் முதலில் வட்டிக்கா அசலுக்கா – இந்த மூன்றுக்கும் விடை நிரலில் இருக்கும். கிடைத்ததை எளிய தமிழில் எழுதி, செயலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். என்னைக் கேட்டால், மொத்த வேலையில் மிக மதிப்புள்ள காகிதம் இதுதான்.

சரி, தரவுக்கு வருவோம். டிபிஎஃப் எளிமையான அமைப்பு. எண்கள்கூடப் பெரும்பாலும் எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். ஆனால் மூன்று குழிகள் உண்டு. ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு பதிவை நீக்கினால் அது உடனே அழியாது, பதிவின் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். நிரந்தரமாக நீக்கும் பேக் கட்டளை கொடுக்கும்வரை உள்ளேயே கிடக்கும். சில கருவிகள் இந்தப் பதிவுகளைத் தாண்டிப் போகும், சில சேர்த்தே அள்ளிக்கொண்டு வரும். முதல் சங்கத்தில் ஓய்வு பெற்றுக் கணக்கு முடித்துக்கொண்டவர்கள் திடீரென்று உறுப்பினர் பட்டியலில் வந்து நின்றது இதனால்தான். இரண்டாவது, வருடத்தை இரண்டு இலக்கத்தில் உள்ளிட்ட பழக்கம். 2002-இல் கொடுத்த கடன் 1902 என்று பதிவாகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, உறுப்பினர் எண்ணை மறுபடியும் பயன்படுத்துவது. ஒருவர் ஓய்வு பெற்றதும் அவர் எண்ணைப் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். புதிய அமைப்பில் எண்ணை மட்டும் அடையாளமாக வைத்தால் இரண்டு பேருடைய கணக்கு ஒரே பேரேட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொருவருக்கும் மாறாத உள் எண் ஒன்று கொடுங்கள், பழைய எண் வெறும் தகவலாக இருக்கட்டும்.

தமிழில் இருக்கும் கோப்புகள் தனி வேலை. வாரிசு நியமனப் பட்டியல், கூட்ட அறிவிப்பு, தீர்மானங்கள் எல்லாம் வேர்டிலும் எக்ஸெலிலும் பாமினி, வானவில் எழுத்துருக்களில் கிடக்கும். 2010-இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தமிழ் எழுத்துக் குறியீட்டுத் தரமாக ஏற்றுக்கொண்டது, ஆனால் பழைய கோப்புகள் தானாக மாறிவிடுமா என்ன? இவற்றில் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. 'கொ' என்பதைப் பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால் என்று வைத்திருப்பார்கள். யூனிகோடில் க முதலில் வர வேண்டும், உயிர்க்குறி அதற்குப் பின்னால். மாற்றி முடித்ததும் கொ, கோ, கௌ வரும் பெயர்களைத் தனியாக எடுத்துக் கண்ணால் பாருங்கள். வேர்டில் ஒரே வரியில் பாமினியும் ஆங்கிலமும் கலந்திருக்கும். எழுத்துரு மாறும் இடங்களைப் பார்த்துப் பகுதி பகுதியாக மாற்றினால்தான் ஆங்கிலம் சிதையாமல் தப்பும். அப்புறம் அகரவரிசை. யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கினால் ஜ, ச-வுக்கு அடுத்து வந்துவிடும், ன நடுவில் ந-வுக்கு அடுத்து வரும். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தில் தமிழ் வரிசை விதியைத் தேர்ந்தெடுங்கள். பெயர்ப் பட்டியலில் தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் உறுப்பினருக்கு அது வலிக்கும்.

தொகைகளைத் தசமமாகவோ பைசாவில் முழு எண்ணாகவோ வையுங்கள். பின்னங்களைத் தோராயமாகச் சேமிக்கும் மிதவைப் புள்ளி எண் (ஃப்ளோட்) வேண்டவே வேண்டாம்.

ஏற்றி முடித்ததும் மூன்று கூட்டுத்தொகை பாருங்கள்: பங்குத் தொகை, சிக்கன சேமிப்பு, கடன் நிலுவை. கடைசியாகத் தணிக்கையான மார்ச் 31 ஐந்தொகையோடு பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டும். ஐந்து ரூபாய்தானே என்று விடாதீர்கள். ஐநூறு ரூபாய் கூடுதலும் நானூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய் குறைவும் சேர்ந்துதான் அந்த ஐந்து ரூபாய் வந்திருக்கும்.

புதிய திரையை வடிவமைக்கும்போது காசாளரின் கையை நினையுங்கள். அந்த அக்கா முந்நூறு ரசீதை மவுஸ் தொடாமல், திரையை நிமிர்ந்து பார்க்காமல் அடிப்பார். உறுப்பினர் எண், என்டர், தொகை, என்டர். பழைய புரோகிராமில் எஃப்5 எதைச் செய்ததோ புதியதிலும் அதையே செய்யட்டும். இரண்டாவது சங்கத்தில் வேறொருவர் செய்து கொடுத்த அமைப்பை மூன்றே மாதத்தில் ஓரங்கட்டியிருந்தார்கள். ஒரு ரசீதுக்கு ஏழு சொடுக்கு தேவைப்பட்டதே காரணம். அதைக் கழித்துவிட்டுத்தான் நான் மறுபடி தொடங்கினேன். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் அவசரப்பட்டுத் தூக்காதீர்கள், கார்பன் நகல் ரசீதுக்கு இன்னும் அதுதான் பொருத்தம்.

பிறகு குறைந்தது மூன்று மாதம் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓட வேண்டும், மார்ச் அதில் ஒரு மாதமாக இருந்தால் நல்லது. இது காசாளருக்கு இரட்டை வேலை. தொடங்கும் முன்பே நிர்வாகக் குழுவிடம் பேசி அதற்குக் கூடுதல் ஊதியமோ உதவிக்கு ஒரு ஆளோ வாங்கிக் கொடுங்கள். நான் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன். இரண்டு பிடித்தப் பட்டியலும் ஒவ்வொரு வரியிலும் ஒத்துப்போன மாதத்துக்கு அடுத்த மாதம்தான் பழையதை நிறுத்துவேன்.

நிறுத்திய அன்று சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டியவை: மூல நிரல், கடவுச்சொற்கள் உறையில் ஒட்டி, வட்டி விதிகள் எழுதிய அந்தக் கையெழுத்துக் காகிதம், ஒவ்வொரு மாதமும் எல்லா அட்டவணைகளையும் எக்ஸெலிலும் திறக்கும் எளிய சிஎஸ்வி உரைக் கோப்பாக எடுத்து வைக்கும் வசதி. பழைய டிஸ்க்கின் முழுப் பிரதியும் அதைத் திறக்க டாஸ்பாக்ஸும் அதே உறையோடு பெட்டகத்துக்குள் போகட்டும். 2012-இல் வாங்கிய கடனைப் பற்றி யாராவது ஒரு ஓய்வூதியர் வந்து கேட்டால், காசாளர் அதைத் திறந்து அன்றைய பேரேட்டை அவருக்கு அப்படியே காட்ட முடியும்.