காம்பாட் மிஷன்: ஓடச் சொன்னால் படுத்துக்கொள்ளும் காலாட்படை, அதற்குக் காரணமான நம் தவறுகள்

'காம்பாட் மிஷன்' கணினிப் போர் விளையாட்டு வரிசையைச் சுற்று முறையில் ஆடுகிறவர்களுக்குத் தெரியும்: ஒரு சுற்று 60 விநாடி. கட்டளைகளைக் கொடுத்துப் பொத்தானை அழுத்திவிட்டால் அந்த ஒரு நிமிடமும் நாம் வேடிக்கை பார்ப்பவர்கள்தான். 12ஆவது விநாடியில் எங்கிருந்தோ ஒரு எம்ஜி-42 (ஜெர்மன் மெஷின்கன்) சீறினால், மீதி 48 விநாடியும் நம் ஆட்களை நடத்துவது கணினி. படுக்க வைக்கும், தவழ வைக்கும், சில சமயம் ஓடக்கூடாத பக்கம் ஓட வைக்கும். 'ஏஐ மட்டம்' என்று திட்டுகிறவர்களில் பலர் அந்த 48 விநாடிக்கு எந்த ஏற்பாடும் செய்யாதவர்கள்.

முதல் தவறு, நிமிடம் முழுவதையும் ஓட்டத்தால் நிரப்புவது. 60 விநாடி இருக்கிறதே என்று ஒரே குவிக் (வேகமாக ஓடும்) கட்டளையில் முழு ஸ்குவாடையும் (காலாட்படைக் குழு) வயலைத் தாண்ட அனுப்புகிறோம். சூடு விழுந்ததும் அவர்கள் நின்ற இடத்திலேயே விழுவார்கள், அதாவது நட்டநடு வயலில். 30, 40 மீட்டருக்கு ஒரு நிறுத்தம் வையுங்கள். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு பள்ளத்திலோ சுவரோரத்திலோ முடியட்டும். வரைபடம் 8 மீட்டர் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆட்கள் எந்தச் சதுரத்தில் போய் முடிகிறார்களோ, அங்கே இருக்கும் மறைப்புதான் அவர்களுக்கு. தாழ்வான சுவர் என்றால் இன்னும் கவனம் தேவை. ஒரு சதுரம் தள்ளி கிளிக் செய்தால் சுவரின் எதிரிப் பக்கம் போய்ப் படுப்பார்கள்.

அடுத்தது, அதிகம் பேர் செய்வது, விளக்கமாகவே பார்க்க வேண்டியது. சுடுபவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் ஒரே சுற்றில் கட்டளை கொடுத்தால் இருவரும் பூஜ்ய விநாடியிலேயே தொடங்குகிறார்கள். சுடுபவர்கள் குறிபார்த்துச் சுடத் தொடங்கவே சில விநாடி ஆகும். அதற்குள் ஓடுபவர்கள் வெட்டவெளியில். எதிரி மெஷின்கன்காரனின் தலை இன்னும் குனியவே இல்லை.

2011இல் வந்த நார்மண்டி பாகத்தை எடுத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் ஒரு வேலி, அந்தப் பக்கம் ஒரு வேலி, நடுவே வயல். அந்த வேலியில் ஒரு ஜெர்மன் மெஷின்கன். உங்களிடம் 12 பேர் கொண்ட அமெரிக்க ஸ்குவாட். அதை மூன்று டீமாகப் பிரியுங்கள். இரண்டு டீமுக்கு வேலியின் மீது டார்கெட் (சுடும் கட்டளை), முழு நிமிடமும். எம்1919 மெஷின்கன் பக்கத்தில் இருந்தால் அதையும் சேருங்கள். எல்லோரும் ஒரே சதுரத்தைச் சுட வேண்டாம். பக்கத்துச் சதுரத்துக்கும் ஒரு டீமை ஒதுக்குங்கள், நீங்கள் சந்தேகிக்கும் இடத்திலேயே எதிரி இருப்பான் என்று என்ன நிச்சயம்? மூன்றாவது டீமுக்கு முதலில் பாஸ் (Pause), அதாவது காத்திருக்கும் கட்டளை. ஒவ்வொரு கிளிக்குக்கும் 5 விநாடி கூடும். 20 விநாடி வையுங்கள். அதன் பிறகு குவிக், 30 மீட்டர், அவ்வளவுதான். மெஷின்கன் வலுவான இடத்தில் இருந்தால் ஒரு முழு நிமிடம் சும்மா சுட்டுவிட்டு, அடுத்த சுற்றில் நகர்த்துவது நல்லது. நேரம் போகிறதே என்று தோன்றும். போகட்டும்.

ஓடும் பாதை சுடும் கோட்டுக்குக் குறுக்கே வரக்கூடாது. நம் துப்பாக்கிச் சூடு நம் ஆட்களைக் காயப்படுத்தாவிட்டாலும் அவர்கள் மீதும் சப்ரஷன் (சூட்டுக்கு அஞ்சிப் பதுங்கும் நிலை) ஏறும். வெடிகுண்டுக்கோ நம்மவர், பிறர் என்ற வேறுபாடே கிடையாது. ஓரமாகச் சுற்றி அனுப்புங்கள். நெருங்கியபின் டார்கெட்டுக்குப் பதில் டார்கெட் பிரீஃப்லி போதும், 15 விநாடி சுட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். இல்லாவிட்டால் வெற்று வேலியைச் சுட்டே தோட்டா தீரும்.

ஹன்ட் கட்டளையைப் 'பாதுகாப்பான நடை' என்று நினைப்பது இன்னொரு பிழை. எதிரியைப் பார்த்ததும் நின்றுவிடுவதுதான் அதன் வேலை. மரங்களுக்குள், கட்டட மூலையில், வேலியை நெருங்கும் கடைசிச் சில மீட்டரில் அது அருமை. திறந்த வயலில் கொடுத்தால் எதிரி சுடும் இடத்திலேயே நின்றுவிடுவார்கள். ஸ்லோவும் அப்படித்தான், தவழ்வது பாதுகாப்பு என்று 50 மீட்டர் தவழவிட்டால், போய்ச் சேரும்போது மூச்சு வாங்கிக்கொண்டு எதற்கும் உதவாமல் கிடப்பார்கள்.

பீதி நிலைக்குப் போனவர்கள் நம் கட்டளையை ஏற்பதில்லை, கிளிக் செய்து பயனில்லை. அந்த நேரத்தில் செய்யக்கூடியது அவர்களைச் சுடுகிறவனைச் சுடுவது. தேறி வந்தபின் 'ராட்டில்டு' (மனம் குலைந்த நிலை) என்று காட்டினால் அந்த டீமை மறுபடி தாக்குதலுக்கு அனுப்பாதீர்கள். சின்னச் சூட்டுக்கே மீண்டும் உடைந்துவிடும். பின்னால் இருந்து சுடும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தலைமை டீமைக் குரல் எட்டும் தூரத்துக்குக் கொண்டு வாருங்கள். பின்வாங்க மறைவான வழி இருக்கும் இடமாகப் பார்த்து முதலிலேயே நிறுத்துவதும் முக்கியம். முதுகுக்குப் பின்னால் மொட்டை வயல் இருந்தால் அதன் வழியாகத்தான் ஓடுவார்கள். விளையாட்டின் 4ஆம் எஞ்சின் (அடிப்படை மென்பொருளின் புதிய பதிப்பு) வந்தபோது, பீரங்கிக் குண்டு விழுந்ததும் நல்ல மறைப்பை விட்டுவிட்டு வெளியே ஓடுகிறார்கள் என்று பெரிய புகார் எழுந்தது. பிறகு வந்த பேட்ச்களில் சரிசெய்தார்கள். ஆனாலும் கடும் குண்டுமழையில் எல்லோரும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள் என்று கணக்குப் போடாதீர்கள்.

குண்டுமழையைப் பொறுத்தவரை தவறு வேறு இடத்தில் நடக்கிறது. முதலில் ஒன்றிரண்டாக விழும் குண்டுகள் குறி சரிபார்க்கும் குண்டுகள். அதைப் பார்த்தும் 'எங்கேயோ தள்ளி விழுகிறது' என்று விட்டுவிடுகிறோம். நகர வேண்டிய நேரம் அதுதான், அதுவும் பின்னால் இல்லை, பக்கவாட்டில். முழுச் சரமும் விழத் தொடங்கிவிட்டால் எழுந்து ஓடுவதுதான் ஆகக் கெட்டது. பள்ளத்தில் இருந்தால் ஹைட் (ஒளிந்துகொள்ளும் கட்டளை) கொடுத்துப் படுக்க வைத்துவிடுங்கள். மரங்களுக்குள் இருப்பவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. குண்டு கிளைகளில் பட்டு மேலேயே வெடித்து, சிதறல் தலைக்கு மேலிருந்து விழும். தோண்டிய குழிக்கும் கூரை இல்லை.

குண்டுமழை நின்ற அந்தச் சுற்றிலேயே ஹைட்டை எடுத்துவிடுங்கள். ஒளிந்து படுத்திருப்பவர்களுக்குப் பார்வை மிகக் குறைவு. மறந்துவிட்டால், புகை கலையும்போது எதிரிக் காலாட்படை 20 மீட்டரில் நிற்கும், உங்கள் ஆட்கள் இன்னும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.