நியூஜெர்சியில் டொர்னாடோ (சுழல்காற்று) வருமா? வீட்டில் செய்து வைக்க வேண்டியவை

ஓக்லஹோமா, கான்சஸ் பக்கம் போல இங்கே இல்லை. பெரும்பாலான வருடங்களில் ஓரிரண்டு வரும், அதுவும் பலவீனமாக. ஆனால் 2021 செப்டம்பர் 1 அன்று, ஐடா புயலின் மிச்சம் வந்த மாலையில், மல்லிகா ஹில்லில் மணிக்கு 150 மைல் வேகத்தில் ஒன்று வீடுகளைப் பிய்த்துப் போட்டது. அதனால் பங்கர் எல்லாம் கட்ட வேண்டாம், ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கினால் போதும்.

1. முதலில் போன். ராத்திரி ஆம்பர் அலர்ட் (குழந்தை கடத்தல் அறிவிப்பு) அலறியதென்று எல்லா எச்சரிக்கையையும் அணைத்து வைத்திருப்பவர்கள் ஏராளம். ஆம்பரை மட்டும் தனியாக அணைக்கலாம்; எமர்ஜென்சி அலர்ட் ஆனில் இருக்கட்டும்.

2. நோவா வெதர் ரேடியோ, அதாவது அரசு வானிலை எச்சரிக்கைகளை ஒலிபரப்பும் அலைவரிசைகளைப் பிடிக்கும் சிறு ரேடியோ. ஆப்களைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. கரண்ட் போனாலும், செல் டவர் போனாலும் பேட்டரியில் கத்தும். நான் வைத்திருப்பது மிட்லேண்ட் கம்பெனி ரேடியோ. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதன் செட்டிங்தான். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே செருகினால், எங்கோ இருக்கும் கவுன்டிக்கெல்லாம் (மாவட்டம்) நடுராத்திரியில் கூவும். இரண்டாம் வாரமே பிளக்கைப் பிடுங்கிவிடுவீர்கள். மெனுவில் லொகேஷனை ‘சிங்கிள்’ ஆக்கி, உங்கள் கவுன்டியின் ஆறு இலக்க எண்ணைப் போடுங்கள். எடிசன் ஊர் இருக்கும் மிடில்செக்ஸ் கவுன்டிக்கு 034023. முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள். அப்புறம் ஏழு அலைவரிசையில் எது தெளிவாகக் கேட்கிறதோ அதை வையுங்கள். பெரும்பாலும் புதன்கிழமை பகலில் சோதனை அறிவிப்பு வரும், வந்தால் சரி.

3. எச்சரிக்கையில் ‘வாட்ச்’ என்றால் டொர்னாடோ வரலாம், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ‘வார்னிங்’ என்றால் உடனே பேஸ்மென்ட். பேஸ்மென்ட் இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத பாத்ரூம், அல்லது மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை. காற்றழுத்தம் சமனாகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார்கள். அது வெறும் கதை, அதற்கு நேரத்தை வீணாக்காதீர்கள்.

4. அந்த இடத்தில் டார்ச், தண்ணீர், பழைய ஷூ, ஹெல்மெட். பையனின் கிரிக்கெட் ஹெல்மெட்டே போதும். செருப்பு வேண்டாம், எங்கும் கண்ணாடித் துண்டு கிடக்கும்.

பின்சேர்க்கை: டொர்னாடோ, வெள்ளம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை வந்தால்? பலர் கேட்டுவிட்டார்கள். ஐடா அன்று அதேதான் நடந்தது. நியூயார்க்கில் பேஸ்மென்ட் வீடுகளில் தண்ணீர் புகுந்து பலர் இறந்தார்கள். உங்கள் பேஸ்மென்டில் தண்ணீர் ஏறும் வழக்கம் இருந்தால், தரைத்தளத்தின் நடு அறையையே உங்கள் இடமாக இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

மூன்றாம் மாடி அபார்ட்மென்டா? கீழ் வீட்டுக்காரரிடம் இன்றே பேசி வையுங்கள். லிஃப்டில் இறங்காதீர்கள்.