வயரைச் சுவருக்குள் புதைக்கும் முன்

சென்ற மாதம் ஆரையம்பதியில் ஒரு புதுவீட்டுக்கு மின்விசிறி மாட்டப் போயிருந்தேன். வரவேற்பறையில் ஒரு தம்பி, சுவரில் வெட்டிய காடிக்குள், டிவிக்குப் படத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ வயரை அப்படியே வைத்து, அங்கங்கே ஆணியடித்து இறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேசன் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, குழாய் போடவில்லையா?" என்று கேட்டேன். "வயர் புதியதுதானே அண்ணன், குழாய் எதற்கு?" என்றார். பல வருடங்களுக்கு முன் நான் சொன்ன அதே பதில், சொல் மாறாமல்.

ஒலி வயரில் சிவப்பையும் வெள்ளையையும் மாற்றிச் செருகுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், காசும் போகாது. டிவி வயர் இணைப்பில் காசு போகிற தவறுகளைப் பற்றித்தான் பேச்சு.

குழாய் இல்லாமல் புதைப்பது

கல்லடியில் ஒரு தாய் மகளுக்குக் கொடுப்பதற்காகக் கட்டிய வீடு. டிவி ஒரு சுவரில். செட்டொப் பெட்டி எதிர்மூலை அலுமாரியில். இடையே 15 மீற்றர். மலிவாகக் கிடைத்த மெல்லிய வயர் ஒன்றை வாங்கிச் சுவரில் பதித்தேன். பூசி, வர்ணமும் அடித்தாயிற்று. படம் அருமையாக ஓடியது. ஆறு வருடம் ஒரு முறைப்பாடும் இல்லை.

பிறகு மருமகன் 4கே டிவியும் அதற்கேற்ற 4கே பெட்டியும் வாங்கினார். படத்தில் வெள்ளிப் பொட்டுகள் மழைபோலத் தெறித்தன. திரை இரண்டு விநாடி கறுத்து மீண்டும் வந்தது. நான் டிவியைத்தான் குற்றம் சொன்னேன். அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு மீற்றர் வயரைச் செருகினார். பளிச்சென்று ஓடியது. மருமகன் டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

1080 எனும் முழு எச்டி படத்தில் 1920 × 1080 புள்ளிகள். 4கே என்றால் 3840 × 2160. சரியாக நான்கு மடங்கு. அதை விநாடிக்கு 60 படம் என்று அனுப்பும்போது, விநாடிக்கு 18 ஜிகாபிட் தரவு வரை தாங்கும் வயர் வேண்டும். செப்புக் கம்பி நீள நீள சமிக்ஞை தளர்ந்துவிடும். பழைய மஞ்சள் வயரில் இது படிப்படியாகத் தெரியும்; படம் மங்கும், நிறம் வெளிறும், நமக்கும் புரிந்துவிடும். எச்டிஎம்ஐ அப்படி முன்னறிவித்தல் தருவதில்லை. ஒரு எல்லைவரை குறையே தெரியாது, அதைத் தாண்டினால் சரிந்துவிடும். என் வயர் ஆறு வருடமும் அந்த எல்லைக்குச் சற்று உள்ளேதான் நின்றிருக்கிறது. "இவ்வளவு காலம் ஓடியதே" என்று இப்போதும் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

குழாய் இருந்திருந்தால் பழைய வயரின் முனையில் புதியதைக் கட்டி இழுத்திருக்கலாம். இல்லாததால் சுவரை நீளத்துக்கு உளியால் வெட்டினோம். மேசன் கூலி, சீமெந்து, வர்ணம், புது வயர் எல்லாம் என் கையிலிருந்து. பழைய வர்ணத்தோடு புதியது பொருந்தவில்லை. வெட்டிய இடம் தழும்புபோல நிற்கிறது. அந்த அம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. இன்றும் போனால் தேநீர் தந்து, அந்தச் சுவருக்கு நேரே இருக்கும் கதிரையில்தான் உட்காரவைக்கிறார்.

ஆகவே ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத பிவிசி குழாய் போடுங்கள். வயர் மெல்லியது என்றாலும் அதன் தலை அகலம். நேர்மூலை எல்போ வைத்தால் தலை அங்கே சிக்கிக்கொள்ளும், வளைவு நீளமாக இருக்கட்டும். உள்ளே ஒரு நைலோன் கயிற்றை விட்டுவையுங்கள். 230 வோல்ட் வயரை அதே குழாயில் விடக் கூடாது. வயரை முதலில் நிலத்தில் விரித்து, இரு முனையையும் செருகி, 4கே படத்தை ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே இழுங்கள். ஐந்து மீற்றரைத் தாண்டும் இடங்களில் நான் செப்பு வயரை நம்புவதில்லை. ஒளியிழை எச்டிஎம்ஐ வாங்குகிறேன். அதற்குத் திசை உண்டு. பெட்டிப் பக்கம் எது, டிவிப் பக்கம் எது என்று முனையில் எழுதியிருக்கும். கல்முனையில் ஒரு நண்பர் தலைகீழாக இழுத்து முடித்துவிட்டு, படம் வரவில்லை என்று இரவு பத்து மணிக்கு எனக்கு அழைப்பெடுத்தார்.

ஆரையம்பதித் தம்பி சொன்னதைக் கேட்டார். மேசன்தான், குழைத்த சாந்து வீணாகிறது என்று என்னை முறைத்தார்.

பொதியில் "2.1" என்று பார்த்து வாங்குவது

அது எச்டிஎம்ஐ பதிப்பு இலக்கம், கருவிகளுக்கானது. வயருக்கு வேகத் தரம்தான் உண்டு: ஹை ஸ்பீட், பிரீமியம் ஹை ஸ்பீட், அல்ட்ரா ஹை ஸ்பீட். கடைசியது விநாடிக்கு 48 ஜிகாபிட் தாங்கும். அசல் என்றால் பொதியில் கைபேசியால் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் ஒட்டி இருக்கும்.

சவுண்ட்பாரை ஏதோ ஒரு போர்ட்டில் செருகுவது

காத்தான்குடியில் ஒருவர் கட்டாரிலிருந்து கொண்டுவந்த சவுண்ட்பார் பழுது என்று பெட்டியோடு கொண்டுவந்தார். பழுது எதுவும் இல்லை. டிவியின் ஒலி எச்டிஎம்ஐ வழியே திரும்பி வர வேண்டுமானால், ஏஆர்சி அல்லது ஈஏஆர்சி என்று எழுதிய போர்ட்டில்தான் செருக வேண்டும். பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். டிவி அமைப்புகளில், கருவிகள் எச்டிஎம்ஐ வழியே ஒன்றையொன்று இயக்க உதவும் சிஇசியையும் இயக்கிவிடுங்கள்.

ஒலிக்கான ஒப்டிகல் வயரின் முனைமூடி

கழற்றிவிட்டுச் செருகுங்கள்.

தங்க முலாம்

படம் அழகாகாது. காரைதீவுக் கடற்காற்றில் துருப்பிடிக்காது, அவ்வளவுதான்.

மூன்று நிற வயரும் ஒற்றை முனையும்

ஒரு பக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, மறுபக்கம் 3.5 மில்லிமீற்றர் முனை. எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், எதிலும் நுழையும். ஆனால் முனையிலுள்ள நான்கு தொடுபகுதிகளின் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். படத்துக்குப் பதில் இரைச்சல் வந்தால் கருவியைத் திறக்காதீர்கள். அதனோடு வந்த வயரைத் தேடுங்கள்.

மின்னல்

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கறுக்கும்போது எல்லோரும் மின்சாரப் பிளக்கை மட்டும் கழற்றுகிறார்கள். டிஷ் வயர் அப்படியே கிடக்கும். அதன் வழியே வரும் மின் அதிர்வு செட்டொப் பெட்டிக்கும், அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியே டிவிக்கும் போகிறது. இடி தொடங்குவதற்கு முன்பே இரண்டையும் கழற்றுங்கள். கடந்த ஐப்பசியில் என்னிடம் வந்த நான்கு டிவிகளில் மூன்று, பிளக் கழற்றி வைத்திருந்தவை. மூன்றிலும் எச்டிஎம்ஐ போர்ட் பக்கம்தான் கருகியிருந்தது.