மூலிகைச் சாறு சோதனை: நிறத்தை நம்பி ஏமாறும் இடங்கள்

மூலிகைச் சாற்றின் ஆன்டிஆக்சிடன்ட் திறனை, அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனைப் பார்க்கும் சோதனைகளில் பல நிறத்தை நம்பி நடப்பவை. இவற்றில் அதிகம் பயன்படும் டிபிபிஎச் (DPPH) என்ற வேதிப்பொருளின் கரைசல் அடர் ஊதாவாக இருக்கும். சாற்றிலுள்ள பொருள்கள் அதற்கு எலக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ கொடுத்தால் மஞ்சளாக வெளுக்கும். 517 நானோமீட்டரில் உறிஞ்சல் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறோம். ஆனால் சாறுக்கும் நிறம் உண்டே! ஆந்தோசயனின் என்ற நிறமி நிறைந்த சிவந்த சாறு அதே அலைநீளத்தில் தானும் ஒளியை உறிஞ்சும். அதனால் உறிஞ்சல் குறையாததுபோல் தோன்றி, திறமையான சாறுகூட மந்தமாகத் தெரியும். ஒவ்வொரு செறிவுக்கும் டிபிபிஎச் சேர்க்காத ஒரு குழாயை வைத்து அந்த மதிப்பைக் கழித்தால் தீர்ந்தது. பலர் இதைச் செய்வதில்லை.

அப்புறம் ஐசி50, அதாவது பாதி விளைவைத் தரத் தேவையான சாற்றின் செறிவு. எண் குறைந்தால் திறன் கூடுதல் என்பதையே சிலர் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய தவறு, வேறொரு ஆய்வகத்தின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடுவது. டிபிபிஎச் எவ்வளவு எடுத்தீர்கள், எத்தனை நிமிடம் வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து ஐசி50 மாறும். ஒப்பீட்டுக்கான ஆன்டிஆக்சிடன்ட்களான அஸ்கார்பிக் அமிலத்தையோ (வைட்டமின் சி) ட்ரோலாக்ஸையோ அதே நாளில், அதே தட்டில் ஓட்டி, அதற்குச் சமமான அளவாகச் சொல்வதே பாதுகாப்பு.

சாற்றிலுள்ள ஃபீனால் வகைச் சேர்மங்களை நீல நிறத்தை வைத்து அளக்கும் ஃபோலின் சோதனைக்கு ‘மொத்த ஃபீனால்’ என்று பெயர் வைத்ததே வினை. வைட்டமின் சி, ஒடுக்கும் (எலக்ட்ரான் கொடுக்கும்) சர்க்கரைகள், சில அமினோ அமிலங்கள் எல்லாமே அதில் நீலம் தரும். இதில் வந்த எண்ணையும் டிபிபிஎச் எண்ணையும் வரைபடத்தில் போட்டு, இரண்டும் சேர்ந்தே உயர்வதைக் காட்டி, ‘ஆகவே ஃபீனால்களே காரணம்’ என்று முடிப்பது மாணவர் அறிக்கைகளின் நிரந்தரப் பத்தி. இரண்டுமே ஒடுக்கும் திறனைத்தான் அளக்கின்றன. ஒரே ஆளை இரண்டு தராசில் நிறுத்திவிட்டு, எடை ஒத்துப்போகிறது என்று வியப்பது போலத்தான் இது.

சாறு ஒரு நொதியின் (என்சைமின்) வேலையைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளில் பொறி இன்னும் ஆழம். டைரோசினேஸ் என்ற நொதி, டோபா என்ற பொருளை டோபாகுயினோனாக மாற்றும்; அது பிறகு டோபாகுரோம் என்ற நிறப்பொருளாகும். இந்தச் சோதனையில் டோபாகுரோமின் நிறம் குறைந்தால் நொதி தடுக்கப்பட்டது என்று எழுதுகிறோம். ஆனால் சாற்றில் வைட்டமின் சி இருந்தால், நொதி உருவாக்கிய டோபாகுயினோனை அது பழையபடி டோபாவாக மாற்றிவிடும். நொதி பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். நிறம் மட்டும் வராது. ஆன்டிஆக்சிடன்ட் குணமே இங்கே தடுப்பானாக வேடம் போடுகிறது. டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்களோ புரதங்களை ஒட்டுமொத்தமாகப் பிடித்து வீழ்படிவாக்குபவை. எந்த நொதியைக் கொடுத்தாலும் ‘தடுக்கும்’. குவெர்செட்டின் போன்ற தாவரச் சேர்மங்கள் கரைசலில் திரண்டு நொதியைத் தம்மேல் ஒட்டவைத்துக்கொள்வதும் உண்டு. இந்தத் திரட்சியைக் கலைக்கும் சோப்பு போன்ற ட்ரைட்டான் எக்ஸ்-100 கொஞ்சம் சேர்த்ததும் தடுப்பு காணாமல் போனால் சந்தேகப்படுங்கள்.

அகார்போஸ் ஒரு சர்க்கரை நோய் மருந்து; மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க உதவும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியைத் தடுப்பது. ‘எங்கள் சாறு அகார்போஸைவிடப் பல மடங்கு வலியது’ என்ற வரியைக் கண்டால், முதலில் எதிலிருந்து எடுத்த ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்று பாருங்கள். ஈஸ்ட் நொதியை அகார்போஸ் மிகப் பலவீனமாகத்தான் தடுக்கும். பாலூட்டிகளின் குடல் நொதியைத்தான் நன்றாகத் தடுக்கும். ஈஸ்ட் நொதியோடு அகார்போஸை வெல்வது நொண்டிக் குதிரையோடு பந்தயம் விடுவது போல. சாற்றைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓவும் (DMSO) நரம்பு மண்டல நொதியான அசிட்டைல்கோலினெஸ்டரேஸைத் தானே தடுக்கக்கூடியது. சாறில்லாத குழாயிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்கட்டும்.

சரி, சோதனை சுத்தமாகவே நடந்தது. அதை வைத்து ‘நோயைத் தடுக்கும்’ என்று எழுதலாமா? கூடாது. தாவரங்களிலுள்ள பாலிஃபீனால்கள் (பல ஃபீனால் பகுதிகள் கொண்ட சேர்மங்கள்) பெரும்பாலும் குடலில் குறைவாகவே உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் உருமாறித்தான் ரத்தத்துக்கு வருகின்றன. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், ஆன்டிஆக்சிடன்ட் என்று புகழப்பட்ட பீட்டா கரோட்டினைத் தினமும் 20 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. நொதியைத் தடுப்பதும் எப்போதும் வரம் அல்ல. கிரேப்ஃப்ரூட் சாறு குடலிலுள்ள, மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 (CYP3A4) நொதியைத் தடுப்பதால்தான் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் போன்ற மருந்துகள் ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறுகின்றன.