வீட்டு வாசலிலேயே காரின் முன் பம்பர் மாற்றுவது எப்படி?

நம் கண்ணுக்குத் தெரியும் பம்பர் வெறும் பிளாஸ்டிக் உறைதான். மோதலைத் தாங்கும் சட்டம் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. உறை மட்டும் உடைந்திருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். கழற்றிய பிறகு சட்டம் வளைந்திருப்பது தெரிந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

தேவையானவை: 10 மி.மீ. ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், தட்டை ஸ்க்ரூடிரைவர், மாஸ்கிங் டேப், ஒரு பழைய போர்வை, பம்பரைப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் புதிதாகப் பத்துப் பன்னிரண்டு. மறுமுனையைப் பிடிக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும்.

1. கழற்றுதல்

சக்கரத்தின் மேல்வளைவில் இருக்கும் ஸ்க்ரூக்களில் தொடங்குங்கள். இடப்பக்க ஸ்க்ரூவுக்கு ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுதாகத் திருப்பினால் கை நுழைய இடம் கிடைக்கும், வலப்பக்கத்துக்கு நேர்மாறாக. பிறகு சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றுங்கள்.

பானெட்டைத் திறந்தால் கிரில்லுக்கு மேலே வரிசையாகக் கிளிப்புகள் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம் இருக்கும். அதை மட்டும் முதலில் நெம்பி மேலே தூக்குங்கள். பிறகு கிளிப் தானாகக் கையோடு வரும். மொத்தமாக நெம்பினால் கிளிப்பின் கழுத்து முறிந்துவிடும். அடியில் உள்ள போல்ட்டுகளையும் கிளிப்புகளையும் எடுத்த பிறகு, ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) ஓரத்தில் டேப் ஒட்டுங்கள்.

இனி பம்பரின் பக்கவாட்டு முனையைச் சக்கரத்தின் அருகே பிடித்து வெளிப்புறமாக இழுக்க வேண்டும். 'டப் டப்' என்று கொக்கிகள் விடுபடும். அந்தச் சத்தம் கேட்ட பிறகே முன்னால் இழுங்கள். ஃபாக் லைட் வயர் இன்னும் மாட்டியிருக்கும் என்பதால் ஒரு சாண் தூரத்துக்கு மேல் போகக் கூடாது. கனெக்டரின் நாக்கை அழுத்தி விடுவித்தபின் பம்பரைப் போர்வையில் வையுங்கள்.

2. பெயிண்டுக்கு முன் ஒருமுறை

தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். புதிய பம்பரைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே காரில் மாட்டிப் பாருங்கள். நான் முதல்முறை பெயிண்ட் அடித்த பிறகே மாட்டினேன். ஹெட்லைட்டுக்குக் கீழே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. பெயிண்ட் அடித்ததைக் கடைக்காரர் திரும்ப வாங்கவில்லை. குற்றம் பம்பரிலும் இல்லை. ஃபெண்டருக்கு அடியில் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் பிராக்கெட் விரிசல் விட்டிருந்தது. பம்பரோடு ஒப்பிட்டால் மிக மலிவான பொருள் அது. பழசு உடைந்திருந்தால் இரண்டு பக்கமும் புதிதாகப் போடுங்கள்.

3. மாட்டுதல்

ஃபாக் லைட்டையும் கிரில்லையும் புதிய உறைக்கு மாற்றி, வயரை இணைத்து, இரு முனைகளையும் ஒரே நேரத்தில் பிராக்கெட்டில் தட்டி உட்கார வையுங்கள். எல்லா போல்ட்டுகளையும் முதலில் தளர்வாகவே விடுங்கள். பானெட்டை மூடி, இருபக்க இடைவெளியும் ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகு இறுக்குங்கள். பேட்டரியை இணைத்து விளக்குகளையும் ஹாரனையும் சோதியுங்கள்.

உயர் பாதுகாப்பு எண் பலகை (HSRP) உள்ள கார்களில், பலகையின் பூட்டை ஒருமுறை உடைத்தால் மீண்டும் பயன்படுத்த முடியாது. அதை மட்டும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் கொடுத்தே பொருத்திக்கொள்ளுங்கள்.