ஹைபிரிட் காரின் சிறிய பேட்டரி இறங்கிவிட்டால் செய்யக்கூடாதவை

சேலத்தில் வண்டிகளுக்கு மின்வேலை பார்ப்பது என் தொழில். போன வாரம், பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன், கிளம்ப மறுத்த ஒரு ஹைபிரிட் காரின் (பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செல்ஃப் மோட்டாரைத் தேடிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2013-இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டாவின் கேம்ரி ஹைபிரிட் முதன்முதலாக என் கைக்குக் கிடைத்தபோது நானும் அதையேதான் தேடினேன்.

அந்த வகைக் காரில் செல்ஃப் மோட்டாரே கிடையாது. எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பேட்டரியால் இயங்கும் மோட்டார். 12 வோல்ட் சிறிய பேட்டரியோ கணினிகளை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை, மூடச் செய்வதோடு சரி. கேபிள்களில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டக்கூடாது என்பதை எவரும் சொல்லித் தரத் தேவையில்லை என்பதால், அதை விட்டுவிடுகிறேன்.

பிற வண்டிக்குக் கரண்ட் கொடுப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். வேலை முடிந்த வாடிக்கையாளரின் கேம்ரியை ஒரு மழை மாலையில் ஏற்காட்டுக்கு ஓட்டிச் சென்று ஒப்படைக்கப் போனபோது, நாகலூர்ப் பாதையில் காப்பி மூட்டைகளோடு ஒரு பழைய டீசல் ஜீப் நின்றிருந்தது. "உங்க வண்டியில ரெண்டு பேட்டரி இருக்குதுங்களேண்ணா, கொஞ்சம் கரண்ட் கொடுங்க" என்றார் அதன் ஓட்டுநர். கேட்ட முறையில் மனம் இளகி, காரை ரெடி நிலையில் (ரெடி விளக்கு எரிந்து, ஓடத் தயாராக இருக்கும் நிலை) வைத்தபடியே ஜம்பர் கேபிளை மாட்டினேன். அவர் முதல் முறை சாவியைத் திருப்பியபோது ஜீப் முனகியது. இரண்டாம் முறை திருப்பியபோது என் காரின் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. பானெட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது.

நடந்தது இதுதான். இந்த வகை ஹைபிரிட் காரில், எஞ்சினால் சுழன்று 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் இல்லை. பெரிய பேட்டரியின் உயர் அழுத்தத்தை 14 வோல்ட் அளவுக்குக் குறைத்துத் தரும் கன்வெர்ட்டர் ஒன்றே 12 வோல்ட் பக்கம் முழுவதையும் தாங்குகிறது. விளக்கு, விசிறி, கணினி ஆகியவற்றுக்கு ஏற்ற அளவில் செய்யப்பட்ட அந்தக் கருவியிடம், சில நூறு ஆம்பியர் இழுக்கும் டீசல் செல்ஃப் மோட்டாரைக் கட்டிவிட்டால் அது என்ன செய்யும்? முதலில் பியூஸ் உருகியது, பிறகு சோதித்ததில் கன்வெர்ட்டரும் போயிருந்தது. அந்த மாடலில் அது, மோட்டாருக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் பெட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று. வாடிக்கையாளரிடம் பணம் கேட்க முடியுமா? என் கையிலிருந்துதான் போனது. அந்த ஜீப்பை நாலு பேர் தள்ளிவிட, அது இறக்கத்தில் இரண்டாம் கியரில் கிளம்பிப் போய்விட்டது என்பதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

பெரிய பேட்டரி இருக்கிறதே, அது உதவாதா என்று கேட்பவர்கள் இன்னும் வருகிறார்கள். அந்த மின்சாரம் முழுவதும் இந்த ஒற்றைக் கன்வெர்ட்டர் வழியாகத்தான் 12 வோல்ட் பக்கம் வந்தாக வேண்டும். மற்ற வண்டியிலிருந்து வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஹைபிரிட்டை எழுப்பக் கையடக்கமான பவர் பேக்கே (வண்டியைக் கிளப்பக் கரண்ட் தரும் சிறு பேட்டரிப் பெட்டி) பெரும்பாலும் போதும். பிறருக்கு உதவ வேண்டுமென்றால், டீசலைக் கிளப்பும் திறனுள்ள பவர் பேக் ஒன்றை டிக்கியில் வைத்துக்கொண்டு அதைக் கொடுங்கள்.

தள்ளிக் கிளப்பப் பார்ப்பது

ஜீப்புக்குச் செல்லும் வித்தை இதற்குச் செல்லாது. ரெடி நிலைக்கு வராத காரின் எஞ்சின், எவ்வளவு தூரம் உருட்டினாலும் பற்றாது. கொண்டை ஊசி வளைவுகள் இருபது உள்ள பாதையில், ஸ்டீயரிங் உதவியும் பிரேக் உதவியும் இல்லாமல் காரை இறக்கத்தில் விடுவதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆரஞ்சு நிறக் கேபிள்கள்

பெரிய பேட்டரியின் உயர் அழுத்தம் ஓடுபவை. தொடாதீர்கள்.

பேட்டரியும் டிக்கிக்குள், டிக்கியும் திறக்காது

பல மாடல்களில் சிறிய பேட்டரி பின்பக்கம் இருக்கும். டிக்கியின் பூட்டோ மின்சாரத்தில் இயங்கும். ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறந்து, பானெட்டுக்குள் சிவப்பு மூடியிட்ட டெர்மினல் இருக்கிறதா என்று பார்த்து அங்கே கரண்ட் கொடுத்தால் டிக்கியின் பூட்டு வேலை செய்யும், பட்டனை அழுத்தித் திறக்கலாம். கதவை நெம்பிப் பெயின்ட்டைக் கெடுத்தவர்களை நான் அறிவேன்.

கிடைத்த பேட்டரியை மாட்டுவது

பின்பக்கம் அமரும் பேட்டரியிலிருந்து வாயு வெளியேற ஒரு சிறு குழாய் உண்டு. அதற்கு வழியில்லாத சாதாரண பேட்டரியை விலை குறைவென்று மாட்டினால், சார்ஜ் ஏறும்போது கிளம்பும் ஹைட்ரஜன் பயணிகள் பக்கமே தேங்கும். புதியதை மாட்டியவர் குழாயைச் செருக மறந்து, அது தொங்கிக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

காரணம் தேடாமல் மாற்றுவது

கோடையில் ஏரிக்கரையில் காரை நிறுத்தி, பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தி, பாட்டுக் கேட்டபடி ஒரு மணி நேரம் உட்காருகிறார்கள். ரெடி விளக்கு எரியாததால் கன்வெர்ட்டர் வேலை செய்வதில்லை. அத்தனை கரண்டும் சிறிய பேட்டரியிலிருந்தே போகிறது. இப்படி இறங்கியதைப் பழுதென்று நினைத்துப் புதியது வாங்க வேண்டாம். பேட்டரியின் வகைக்கு ஏற்ற சார்ஜரில் முழுமையாக ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, ஓர் இரவு சும்மா வைத்து, காலையில் மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். 12.6 வோல்ட்டை ஒட்டி நின்றால் மீண்டும் மாட்டலாம், 12.2-க்குக் கீழே வந்திருந்தால் கடைக்குப் போகலாம்.