35 சிசி-க்கு எவ்வளவு ஆகும்? எஸ்டீம் இன்ஜினைப் பெரிதாக்கும் கணக்கு

“அண்ணா, சிசி ஏத்தணுங்க. எவ்வளவு ஆகுங்க?”

மாதத்துக்கு ஒரு பையனாவது இந்தக் கேள்வியோடு பட்டறைக்கு வந்துவிடுகிறான். சிசி என்றால் இன்ஜின் சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு, கன சென்டிமீட்டரில். கோயம்புத்தூர் கணபதியில் இருபத்தெட்டு வருடமாக, சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் போரிங் மெஷின் ஓட்டுகிறேன். மாருதி 800 இன்ஜினைப் போட்டு ரேஸ் வீரர் கரிவரதன் ஃபார்முலா ரேஸ் கார் செய்த ஊர் இது. பையன்களுக்கு அந்த ஆசை வருவது இயல்பு. போன மாதம் வந்த தம்பியிடம் அப்பா ஓட்டிய எஸ்டீம் இருந்தது, பதினாறு வால்வ் எம்பிஎஃப்ஐ, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. அவனுக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுத்த கணக்குதான் இது.

பணத்துக்கு முன்னால் அளவைப் பார்க்க வேண்டும். எஸ்டீம், ஜிப்சி இரண்டிலும் வரும் இந்த இன்ஜினின் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மி.மீ., நாலு சிலிண்டர். போரை சென்டிமீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்குங்கள், 0.7854, ஸ்ட்ரோக், சிலிண்டர் எண்ணிக்கை மூன்றாலும் பெருக்குங்கள். 7.4 × 7.4 × 0.7854 × 7.55 × 4 போட்டால் 1299-ஐ ஒட்டி வரும். அரை மி.மீ. பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன் போட்டு 74.5 ஆக்கினால் 1316. முழு ஒரு மி.மீ. ஏற்றி 75 ஆக்கினால் 1334.

ஆக, ஒரு மி.மீ.-க்கு 35 சிசி. நூற்றுக்கு 2.7 பங்கு. 85 குதிரைத் திறன் இன்ஜினில் இது ஏறக்குறைய இரண்டு குதிரை. இந்த எண்ணைப் பார்த்ததும் தம்பியின் முகம் வாடிவிட்டது. பாவமாக இருந்தாலும் சொல்லாமல் விட முடியாது.

மேலே ஏற்ற முடியாதா என்றால், இந்த பிளாக் அலுமினியம். உள்ளே சிலிண்டர் சுவராக இரும்பு லைனர். லைனரின் கனம்தான் நம் கையிருப்பு. ஒரு மி.மீ.-க்கு மேல் நான் அறுக்க மாட்டேன். சுவர் மெலிந்தால் சூட்டில் நெளியும், ரிங் பிடிக்காது, ஆயில் குடிக்கும்.

வேறு கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) போட்டு ஸ்ட்ரோக்கை நீட்டுவது இன்னொரு வழி. ஒரு மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு 17 சிசி கிடைக்கும். ஆனால் நாலு மி.மீ. நீட்டினால் பிஸ்டன் இரண்டு மி.மீ. கூடுதலாக மேலே வரும். ஹெட்டில் இடிக்காமல் இருக்க பிஸ்டனில் பின் துளையை மேலே தூக்க வேண்டும், இல்லையென்றால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கன்ராடைக் குட்டையாக்க வேண்டும். அமெரிக்காக்காரர்களுக்கு ஷெவர்லே 350 இன்ஜினை 383 ஆக்க கிராங்க், ராட், பிஸ்டன் எல்லாம் ஒரே கிட்டாகக் கடையில் கிடைக்கிறது. அரை நூற்றாண்டாக லட்சக்கணக்கில் ஓடும் இன்ஜின் அது. நம் எஸ்டீமுக்கு அப்படி ஒரு கிட்டை நான் கடையில் பார்த்ததில்லை. தனியாக கிராங்க் கடைந்து வாங்கினால் கிராங்க் விலையே வண்டி விலையைத் தாண்டிவிடும். இதை ஆசையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பணம். என் நோட்டில் இருக்கும் ஒரு வேலையின் ரூபாய்க் கணக்கு: 75 மி.மீ. போர், சாதாரண வார்ப்பு பிஸ்டன்.

பிஸ்டன், ரிங், பின் நாலு செட் 9,600. கடையில் 0.25, 0.50 மி.மீ. ஓவர்சைஸ் கேட்டதும் எடுத்துக் கொடுப்பார்கள், 1.00 தேடிப் பிடிக்க வேண்டும், அதனால் விலையும் கூட. போரிங், ஹோனிங் (அறுத்த சுவரைக் கல்லால் தேய்த்து முடிப்பது) சிலிண்டருக்கு 700 வீதம் 2,800. ஹெட்டுக்குப் பதிலாக பிளாக்கின் மேல் போல்ட் போட்டு இறுக்கும் கனத்த இரும்பு பிளேட் 4,500. கிராங்க் பாலிஷ் 600, மெயின் மற்றும் கன்ராட் பேரிங் 3,200. ஹெட் வேலை, அதாவது வால்வ் கிரைண்டிங், சீட் கட்டிங், புது சீல், முகம் தேய்ப்பது, 5,500. ஃபுல் கேஸ்கட் செட் 3,800. ஹெட் போல்ட் 1,800. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், ஆயில் பம்ப் 6,400. இரண்டு முறைக்கான ஆயில், ஃபில்டர், கூலன்ட் 3,300. இறக்கி ஏற்றிக் கோர்க்கும் மெக்கானிக் கூலி 14,000.

மொத்தம் 55,500. ஒரு சிசி-க்கு ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேல்.

இதே பில்லை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். வண்டி ஏற்கெனவே புகை விடுகிறது, ஆயில் குடிக்கிறது, கம்ப்ரஷன் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் ரீபோர் செய்துதான் தீர வேண்டும். கூலி, கேஸ்கட், பேரிங், ஹெட் வேலை எல்லாம் அந்தக் கணக்கிலேயே போய்விடும். 0.50-க்குப் பதிலாக 1.00 போடுவதற்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது பிஸ்டன் விலையில் ஒரு 3,000, பிளேட்டுக்கு 4,500, அவ்வளவுதான். அதனால் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, “தம்பி, வண்டி ஆயில் குடிக்குதா?” இல்லை என்றால் நல்ல இன்ஜினைப் பிரிக்க வேண்டாம் என்று அனுப்பிவிடுவேன். எனக்குக் கூலி போனாலும் பரவாயில்லை. கம்பெனியில் கோர்த்த நல்ல இன்ஜினைக் காரணமில்லாமல் பிரிப்பதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

வார்ப்புக்குப் பதிலாக ஃபோர்ஜ்ட் (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் வேண்டும் என்பவர்கள் வெளிநாட்டில் சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டும். நாலு பிஸ்டன் 600 டாலரை ஒட்டி வரும். கூரியர், சுங்கவரி எல்லாம் சேர்த்தால் 75,000 வரை போகும். டர்போ வைக்காத தெரு வண்டிக்கு அது தேவையே இல்லை.

வேலையில் கவனிக்க வேண்டியது இரண்டு. பிஸ்டன் கைக்கு வந்து, மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே போரைத் தொட வேண்டும். ஆரம்ப காலத்தில் பெட்டியில் ஒட்டியிருந்த அளவை நம்பி முன்கூட்டியே 75-க்கு அறுத்து வைத்தேன். வந்த பிஸ்டன் 74.93 இருந்தது. இந்த இன்ஜினுக்கு பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே 20 முதல் 40 மைக்ரான்தான் இருக்க வேண்டும். எனக்கு 70 ஆகிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் தட்டும் சத்தம். அந்த பிளாக்குக்குப் புது லைனர் என் பணத்தில் போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது, அந்த இரும்பு பிளேட். ஹெட் போல்ட்டை இறுக்கும்போது அலுமினிய பிளாக் சற்றே நெளியும். பிளேட்டை அதே இறுக்கத்தில் போட்டு ஹோன் செய்தால்தான் வண்டியில் ஏறிய பிறகு போர் வட்டமாக இருக்கும். 4,500-ஐ மிச்சப்படுத்தச் சொல்லி வருபவர்களுக்கு நான் 1.00 அறுப்பதில்லை.

கம்ப்ரஷன் விகிதமும் (சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) கொஞ்சம் ஏறும். பழையது 9.0 என்று வைத்துக்கொண்டால் 9.2 ஆகும். பங்க் பெட்ரோலுக்கு இது பிரச்சினை இல்லை. ஆனால் ஹெட் முகத்தை அதிகம் தேய்த்தால் இதோடு அதுவும் சேரும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் இந்த மூன்று சதவீதத்தை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவே திருத்திக்கொள்ளும். தனி டியூனிங் செலவு வேண்டாம்.

இதெல்லாம் போதாது, நிஜமாகவே பெரிய இன்ஜின்தான் வேண்டும் என்றால் பழைய பலேனோவின் 1590 சிசி இன்ஜினைத் தேடுங்கள். போர் 75, ஸ்ட்ரோக் 90. சென்னை புதுப்பேட்டையில் அலைந்தால் ஈசியூ, ஒயரிங்கோடு முழு செட் கிடைக்கலாம். செலவு அங்கேயே முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது. அனுமதியில்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸ், பிறகுதான் இன்ஜின். மூன்றாம் நபர் காப்பீடும் மாறும்: 2022-இல் அறிவித்த கட்டணப்படி 1000-க்கு மேல் 1500 சிசி வரை வருடம் 3,416, அதைத் தாண்டினால் 7,897. ரேஸ் டிராக்குக்கு மட்டும் வண்டி செய்கிறவர்கள், தங்கள் பிரிவின் சிசி எல்லையை இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. விதிகளில் பார்த்துவிட்டு பிஸ்டன் வாங்குங்கள். எல்லையை ஒரு சிசி தாண்டினாலும் அத்தனை செலவும் வீண்.

தம்பியின் எஸ்டீம் ஆயில் குடித்தது. பிரித்து அளந்தோம், 1.00 போட்டோம். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றினோம். ஸ்டார்ட் ஆனதும் ஒரே ஐடிலில் நிறுத்தி வைக்காமல், வெளியே எடுத்துப் போய் மிதமான லோடில் ஏற்றி இறக்கி ஓட்டச் சொன்னேன். ரிங் சுவரில் உட்காருவது அப்போதுதான். 500 கிலோமீட்டரில் ஆயிலை இறக்கி, துணியில் வடித்து, இரும்புத் தூள் இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை மட்டும்தான். புது ஆயில் ஊற்றி அனுப்பினேன்.